சில வாரங்கள் மட்டும் நிற்கும் குறி: சிறு காட்டுப் பாலூட்டிகளுக்கு எந்த முறை பொருந்தும்?

வேலியோரம்:

அனைவருக்கும் வணக்கம். புல்லும் புதரும் கலந்த ஒரு நிலப்பரப்பில் கொறித்துண்ணிகளின் எண்ணிக்கையை மதிப்பிடும் கள ஆய்வொன்றைத் திட்டமிட்டு வருகிறேன். அலுமினியப் பெட்டிப் பொறிகளைக் கட்டம் கட்டமாக வைத்து, தொடர்ந்து ஐந்து இரவுகள் விலங்குகளைப் பிடித்து, குறியிட்டு, பிடித்த இடத்திலேயே விடுவித்து, அவற்றுள் எத்தனை மறுபடியும் அகப்படுகின்றன என்று பார்ப்பதே முறை. முதலில் காதில் உலோக வில்லை பொருத்துவதாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால், ஐந்தே இரவுகளில் முடியும் ஓர் ஆய்வுக்காக விலங்கின் உடலில் மாதக்கணக்கில் நிற்கக்கூடிய ஒரு பொருளை ஏன் பொருத்த வேண்டும் என்று நெறிமுறைக் குழு கேட்டது. நியாயமான கேள்வி என்பதால் திட்டத்தைத் திருத்தி எழுதுகிறேன்.

அகப்படக்கூடிய விலங்குகளின் எடை ஏறத்தாழ 10 கிராம் முதல் 60 கிராம் வரை இருக்கும். மூஞ்சூறுகளும் இடையிடையே விழும். தற்காலிகக் குறிகளில் எது நம்பத்தக்கது, எது எவ்வளவு காலம் நிற்கும், ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியாக அடையாளம் காண அது போதுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

வளைவாசல்:

உங்கள் ஆய்வுக்கு மயிர் கத்தரிப்பதே போதும் என்பது என் கருத்து. பலர் இதைப் பழங்கால முறை என்று ஒதுக்கிவிடுகிறார்கள்; ஆனால் குறுகிய கால ஆய்வில் இதைவிட எளியதும், விலங்குக்குத் தொல்லை குறைந்ததுமான வேறொரு முறையை நான் கண்டதில்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்றால், பெரும்பாலான எலி இனங்களின் முதுகில் இரண்டு அடுக்கு மயிர் இருக்கும். மேலே தெரியும் நீண்ட மேல்மயிர் பழுப்பாகவோ செம்பழுப்பாகவோ இருக்க, அதன் அடியில் நெருக்கமாக வளர்ந்திருக்கும் உள்மயிர் பெரும்பாலும் ஈயச் சாம்பல் நிறத்தில் இருக்கும். மேல்மயிரின் நுனியை மட்டும் கத்தரித்தால் அடியிலுள்ள கருஞ்சாம்பல் ஒரு திட்டாக வெளியே தெரியும். தோல் தெரியும்வரை மழிக்கக் கூடாது. அப்படி மழித்தால் சிறிய உடல் வெப்பத்தை இழக்கும்; தோலில் வெட்டுப்படவும் வாய்ப்புண்டு.

செய்முறையைச் சொல்கிறேன். பொறியிலிருந்து விலங்கைத் தெளிவான பிளாஸ்டிக் பைக்குள்ளோ துணிப்பைக்குள்ளோ இறக்கி, பையின் ஒரு மூலைக்கு ஒதுக்கி, பிடரித் தோலைப் பையோடு சேர்த்துப் பற்றிக்கொள்ளுங்கள். பிறகு பையை மெல்லப் பின்னுக்குச் சுருட்டினால் முதுகு வெளியே வரும். நுனி மழுங்கிய, சற்றே வளைந்த சிறு கத்தரிக்கோலை உடலுக்கு இணையாகப் படுக்கவைத்து, மயிர் படிந்திருக்கும் திசைக்கு எதிராக நகர்த்தி, இரண்டு மூன்று முறை கத்தரியுங்கள். சுண்டுவிரல் நக அளவுத் திட்டு போதும். கத்தரித்த பின் அந்த இடத்தை விரலால் ஒருமுறை வருடிவிட்டுப் பார்க்க வேண்டும்; வெட்டுப்பட்ட மயிர் அங்கேயே ஒட்டிக்கொண்டு திட்டை மறைப்பதுண்டு. பழகிய கைக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படாது.

இந்தத் திட்டு அடுத்த மயிர் மாற்றம் வரை நிற்கும். நன்கு வளர்ந்த விலங்கில் அது பல வாரங்கள். உங்கள் ஐந்து இரவுகளுக்கு அது தாராளம்.

கூர்நோக்கு:

மார்க்கர் பேனாவால் வாலில் வளையம் போட்டுவிட்டால் இன்னும் எளிது அல்லவா? ஆய்வகச் சுண்டெலிகளுக்கு அப்படித்தான் செய்கிறார்கள்.

வளைவாசல்:

ஆய்வகத்திலேயே அந்த வளையத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. காட்டு விலங்கு ஈரப் புல்லிலும் மண்ணிலும் புரண்டு வருகிறது; நாள் முழுதும் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளவும் செய்கிறது. இரண்டு மூன்று நாட்களில் கோடு மங்கிவிடும். ஓர் இரவில் குறியிட்டு மறு இரவில் மட்டும் பார்ப்பதானால் பேனா போதும். ஐந்தாவது இரவில் மங்கிய வளையத்தைப் பார்த்து அது குறியா, சேறா என்று கைவிளக்கு ஒளியில் தீர்மானிக்க வேண்டிய நிலை வந்தால், அந்தத் தரவை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் பேனாவுக்கு வேறொரு பயன் உண்டு. கணக்குத் தெரிந்தவர் யாராவது அதைச் சொல்லட்டும்.

மருந்துப்பெட்டி:

நான் கால்நடை மருத்துவன். சாயங்களைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பதால், யாராவது பரிந்துரைப்பதற்கு முன்பே சில எச்சரிக்கைகளைப் பதிவு செய்துவிடுகிறேன்.

தரை அணில்கள், பிரெய்ரி நாய்கள் (பெயரில் நாய் என்றாலும் வட அமெரிக்கக் கொறித்துண்ணிகள்) போன்ற பகலில் நடமாடும் விலங்குகளின் நடத்தையை ஆராய்பவர்கள் நியான்சால்-டி என்ற கருநிற மயிர்ச்சாயத்தை நீண்டகாலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அது கிடைக்காத இடங்களில் மனிதர்களுக்கான முடிச்சாயத்தையே பயன்படுத்துகிறார்கள். அங்கே அதற்குத் தக்க காரணம் இருக்கிறது. விலங்கைத் திரும்பத் திரும்பப் பிடிக்காமல், தொலைநோக்கி வழியாகவே இன்னது என்று அடையாளம் காண வேண்டும் என்பதால், முதுகிலும் விலாவிலும் பெரிய வடிவங்களாகச் சாயம் தீட்டுகிறார்கள். உங்கள் ஆய்வில் ஒவ்வொரு விலங்கும் எப்படியும் கைக்கு வரப்போகிறது. தூரத்திலிருந்து தெரிய வேண்டிய தேவை இல்லாதபோது, தூரத்திலிருந்து தெரியும் குறியை ஏன் இட வேண்டும்? நமக்குத் தெரிவது ஆந்தைக்கும் பருந்துக்கும் தெரியலாம்.

அடுத்தது வேதியியல். இச்சாயங்களின் அடிப்படை பெரும்பாலும் பாராஃபீனிலீன்டையமின் என்ற பொருள். மனிதர்களிடையே தோல் ஒவ்வாமையை உண்டாக்குவதில் பேர்போனது அது. எனவே சாயம் தீட்டுபவர் கையுறை அணியாமல் தொடக் கூடாது. வெளுக்கும் முறையில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலவையைப் பூசுகிறார்கள். கருமயிர் விலங்குகளில் அது நன்றாகத் தெரியும் என்றாலும், கலவை வேலை செய்யப் பல நிமிடங்கள் விலங்கைப் பிடித்துவைத்திருக்க வேண்டும். கண்ணுக்கோ மூக்குக்கோ அருகில் அதைக் கொண்டுபோகவே கூடாது. பழைய நூல்களில் பிக்ரிக் அமிலத்தால் மஞ்சள் நிறம் ஏற்றலாம் என்று படித்துவிட்டு அதைத் தேடிப் போகாதீர்கள். உலர்ந்த பிக்ரிக் அமிலம் வெடிக்கக்கூடிய பொருள்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது ஈரத்தைத்தான். 15 கிராம் எடையுள்ள ஒரு சுண்டெலியின் முதுகை அதிகாலைக் குளிரில் நனைத்து, காயும்வரை காத்திருந்து, அதன் பிறகு விடுவதென்பது அதன் உடல் வெப்பத்தோடு விளையாடுவதாகும். சாயம் உடலைப் பாதிக்குமா என்று விவாதிப்பவர்கள், அதைக் காயவைக்கும் நேரத்தைப் பெரும்பாலும் கணக்கில் கொள்வதே இல்லை.

வேலியோரம்:

இருவருக்கும் நன்றி. மயிர் கத்தரிப்பதையே தேர்ந்தெடுக்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். எல்லா விலங்குக்கும் ஒரே இடத்தில் கத்தரித்தால் அவை குறியிடப்பட்டவை என்று மட்டும்தான் தெரியும். தனித்தனியாக அடையாளம் காண, உடலின் எத்தனை இடங்களைப் பயன்படுத்தலாம்?

எண்கணக்கு:

முதலில், தனி அடையாளம் தேவையா என்பதைத் தீர்மானியுங்கள். ஒருமுறை குறியிட்டு ஒருமுறை திரும்பப் பிடிக்கும் எளிய லிங்கன்–பீட்டர்சன் மதிப்பீட்டுக்கு, இது குறியுள்ளது, இது இல்லாதது என்று பிரித்தாலே போதும். ஆனால் ஐந்து இரவுத் தரவில் ஒவ்வொரு விலங்கும் எந்தெந்த இரவில் அகப்பட்டது என்ற வரலாறு இருந்தால், பொறிக்குப் பழகிப்போன விலங்குகளையும் பொறியைக் கண்டு ஒதுங்கும் விலங்குகளையும் வேறுபடுத்தும் மாதிரிகளைப் பயன்படுத்த முடியும். அந்த லாபம் பெரிது என்பதால், தனி அடையாளம் இடுவதையே நான் ஆதரிக்கிறேன்.

இடது தோள், வலது தோள், இடது விலா, வலது விலா, இடது இடுப்பு, வலது இடுப்பு, பிடரி, வாலடி என எட்டு இடங்களை வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் கத்தரித்தால் எட்டு அடையாளங்கள். இரண்டு இடங்களில் கத்தரித்தால் 28. ஆக மொத்தம் 36 என்று கூட்டிச் சொல்லத்தான் தோன்றும். அப்படிக் கூட்டாதீர்கள். எல்லா விலங்குக்கும் சரியாக இரண்டு இடங்களில் மட்டும் கத்தரியுங்கள். 28 அடையாளங்கள்தான் கிடைக்கும். ஆனால் அவற்றோடு ஒரு காவலும் கிடைக்கும். ஒரு திட்டு மறைந்துபோனால் அந்த விலங்கில் ஒரே ஒரு திட்டு மிஞ்சும். நம் பட்டியலில் ஒற்றைத் திட்டு உள்ள விலங்கே கிடையாது என்பதால், ஏதோ தவறிவிட்டது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். சண்டையில் மயிர் பிய்ந்து போலித் திட்டு ஒன்று உருவானாலும் மொத்தம் மூன்று ஆகிவிடும். அதுவும் பட்டியலில் இல்லை. ஒற்றையையும் இரட்டையையும் கலந்து பயன்படுத்தினாலோ, ஒரு திட்டை இழந்த விலங்கு சத்தமில்லாமல் வேறொரு விலங்காக மாறிவிடும். உங்கள் ஏட்டில் அது பிழையாகத் தெரியாது, தரவாகத்தான் தெரியும்.

28 போதாதென்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே வரிசையைத் தனித்தனியாகப் பயன்படுத்தலாம், 56 ஆகும். கையில் எடுக்கும்போது பாலினத்தை எப்படியும் குறிக்கிறீர்கள். வேறுபாடு எளிதில் தெரிகிற இனங்களுக்கும் அப்படியே தனி வரிசைகள் வைக்கலாம். அதுவும் போதாதென்றால் எல்லாவற்றுக்கும் மூன்று திட்டுகள் என்று வைத்துக்கொண்டால் எட்டு இடங்களில் 56 அடையாளங்கள் கிடைக்கும்; ஆனால் இரண்டையும் மூன்றையும் ஒரே ஆய்வில் கலக்கக் கூடாது. காரணம் மேலே சொன்னதுதான்.

கூர்நோக்கு:

ஒன்றிரண்டு குறிகள் மறைந்தால் மதிப்பீடு அவ்வளவு மாறிவிடுமா?

எண்கணக்கு:

மாறும், அதுவும் ஒரே திசையில் மாறும். 40 விலங்குகளுக்குக் குறியிட்டீர்கள். இரண்டாம் முறை 50 அகப்பட்டன. அவற்றுள் 20 குறியுள்ளவை. 40 × 50 ÷ 20 = 100 என்பது மதிப்பீடு. இப்போது அந்த 20இல் ஐந்து விலங்குகளின் குறி மறைந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 15 என்று எழுதுவீர்கள். 40 × 50 ÷ 15 என்றால் 133. சிறு மாதிரிகளுக்கு 1951இல் சாப்மன் தந்த திருத்தத்தைப் பயன்படுத்தினாலும் ஏறத்தாழ 99 என்பது 130 ஆக உயரும். விலங்குகள் பெருகவில்லை, குறிகள் குறைந்திருக்கின்றன, அவ்வளவுதான். எனவே குறி நிற்கும் என்று நம்பிக்கொண்டிருப்பதைவிட, எவ்வளவு நிற்கிறது என்று அளப்பதுதான் முறை.

வளைவாசல் சொன்ன பேனாவின் பயன் இங்கேதான் வருகிறது. ஒவ்வொரு விலங்குக்கும் மயிர்த் திட்டுகளோடு வாலில் ஒரு பேனா வளையமும் போடுங்கள். அது எல்லாவற்றுக்கும் ஒரே வளையமாக இருக்கலாம். திரும்பப் பிடித்தவற்றில் இரண்டு குறியும் உள்ளவை 24, திட்டு மட்டும் உள்ளவை 8, வளையம் மட்டும் உள்ளவை 2 என்று கிடைத்ததாகக் கொள்வோம். திட்டு இருப்பவை 32. அவற்றுள் 8இல் வளையம் போய்விட்டது. ஆகவே வளைய இழப்பு 25 விழுக்காடு. வளையம் இருப்பவை 26. அவற்றுள் 2இல் திட்டு போய்விட்டது. ஆகவே திட்டு இழப்பு ஏறத்தாழ 8 விழுக்காடு. இரண்டையும் இழந்து புதிய விலங்கைப் போல வந்தவை எத்தனை என்பதையும் மதிப்பிடலாம்: 8 × 2 ÷ 24, அதாவது ஒரு விலங்குக்கும் குறைவு. மோசமான குறி ஒன்றே நல்ல குறியின் தரத்தை அளந்து கொடுத்துவிடுகிறது.

வளைவாசல்:

அழகான விளக்கம். ஆனால் இந்தக் கணக்கு நிற்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு குறியின் இழப்புக்கும் மற்றதன் இழப்புக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. சிலர் மயிரைக் கத்தரித்து, மயிரிலேயே சாயமும் தீட்டிவிட்டு இரட்டைக் குறி இட்டதாக எழுதுகிறார்கள். மயிர் மாறும்போது இரண்டும் ஒருசேரப் போய்விடும். அப்படிப் போனவை கணக்கில் எங்குமே தென்படா. இழப்பு பூஜ்யம் என்று வரும். வாலில் வளையம் போடச் சொல்வது அதனால்தான்.

இளம் விலங்குகளைப் பற்றியும் ஒரு சொல். எலிக் குஞ்சுகள் தாயைவிட்டுப் பிரிந்து சில வாரங்களிலேயே சாம்பல் நிற இளமயிரை உதிர்த்து, முதிர்ந்த மயிரைப் பெறத் தொடங்குகின்றன. அந்தக் கட்டத்தில் கத்தரித்த திட்டு எந்த நாளிலும் மறையலாம். அதோடு, இளமயிரில் மேலடுக்குக்கும் உள்ளடுக்குக்கும் நிற வேறுபாடு குறைவு என்பதால் திட்டே சரியாகத் தெரியாது. வயதுவாரியாக இழப்பைப் பிரித்துப் பாருங்கள். ஐந்து இரவு ஆய்வில் இது பெரிய சிக்கல் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் வருவதானால் இதுவே முதல் சிக்கலாகிவிடும்.

சிப்வாசகர்:

இவ்வளவு சுற்றி வளைப்பதற்குப் பதிலாக, தனி எண் பதிந்த தோலடிச் சிப் ஒன்றைச் செலுத்திவிட்டால் முடிந்தது அல்லவா? 134.2 கிலோஹெர்ட்ஸ் வாசிப்பான் ஒன்று இருந்தால் பிழையே வராது. திட்டு எங்கே இருக்கிறது என்று இருட்டில் தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

மருந்துப்பெட்டி:

பல ஆண்டு ஆய்வுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் பரவலாகப் பயன்படும் சிப்பின் நீளம் 12 மில்லிமீட்டர், விட்டம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். அதைச் செலுத்தும் ஊசி அதைவிடத் தடிமன். 8 மில்லிமீட்டர் சிப்களும் உள்ளன என்றாலும், 10 கிராம் விலங்குக்கு அதுவும் சிறிய பொருளன்று. பிழையே வராது என்பதும் சரியன்று. ஊசித்துளை மூடுவதற்கு முன் சிப் நழுவி வெளியே விழுவதுண்டு, அதற்காகவே துளையைத் திசுப்பசையால் ஒட்டுகிறார்கள். விலங்கின் விரல் நுனியை வெட்டிக் குறியிடும் பழைய முறைக்கு இன்று பல நெறிமுறைக் குழுக்கள் தனிக் காரணம் கேட்பதும், உங்கள் குழு காது வில்லைக்குக் காரணம் கேட்டதும் ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை: ஆய்வு முடிந்த பிறகும் விலங்கு அந்தக் குறியைச் சுமக்க வேண்டுமா?

சிப்வாசகர்:

ஐந்து இரவுக்கு அது மிகை என்பதை ஏற்கிறேன். ஆனால் அடுத்த ஆண்டும் அதே கட்டத்தில் ஆய்வைத் தொடரும் எண்ணம் இருந்தால், இப்போதே யோசிப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கத்தரிப்பதும் ஒரு தொல்லைதானே.

இரவுச்சிறகு:

கொறித்துண்ணிகளுக்கு அப்பாலும் சிலவற்றைச் சேர்க்கிறேன். இழையைப் பின்னால் படிப்பவர்களுக்குப் பயன்படும். வெளவால்களின் முன்கையில் வளையம் பொருத்துவது சில இனங்களில் இறக்கைச் சவ்வைக் காயப்படுத்தும். குறுகிய கால வேலைக்கு முதுகு மயிரைக் கத்தரிப்பது அங்கும் உதவும். மரபணு மாதிரிக்காக இறக்கைச் சவ்வில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளை எடுப்பவர்களுக்கு அந்தத் துளையே ஒரு குறியாகிவிடுகிறது. சில வாரங்களில் அது மூடி, வெளிறிய தழும்பாகத் தெரியும். இருப்பிடம் அறிய ரேடியோ அலைபரப்பியை முதுகில் பசையால் ஒட்டினால், நாட்களிலோ சில வாரங்களிலோ அது தானே விழுந்துவிடும். அந்தக் கருவியின் எடை விலங்கின் எடையில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பலர் கடைப்பிடிக்கும் வரம்பு. 20 கிராம் விலங்குக்கு அது ஒரே கிராம். முள்ளெலிகளுக்கு முள்ளில் வண்ணப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைச் செருகி ஒட்டுகிறார்கள். மயிரைப் போல அல்லாமல் முள் மெதுவாகவே உதிர்வதால் அது நீண்ட நாள் நிற்கும்.

ஒளிரும் தூளையும் சிலர் குறி என்று நினைக்கிறார்கள். 1985இல் லெமனும் ஃப்ரீமனும் விவரித்த அந்த முறை, விலங்கு போன வழியைக் காண்பதற்கானது. தூள் தடவிய எலியை விட்டுவிட்டு, மறுநாள் இரவு புற ஊதா விளக்கோடு போனால், புல்லடி, மரத்தண்டு, வளை வாய் என்று அது உரசிய இடமெல்லாம் புள்ளி புள்ளியாக ஒளிரும். மழை பெய்தால் தடம் அழியும். ஒரே வளையில் உறங்கும் மற்ற எலிகள் மேலும் தூள் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அடையாளக் குறியாக அதை நம்ப முடியாது. யாரோடு யார் சேர்கிறார்கள் என்று அறிய விரும்புபவருக்கு அதே குறை ஒரு வசதி. முகத்தில் படாமல் பின்னுடலில் மட்டும் தடவ வேண்டும். மூச்சில் போகக் கூடாது.

கையால் தொடாமலே குறியிடவும் வழி இருக்கிறது. ரோடமின் பி என்ற சாயத்தை இரையில் கலந்து வைத்தால், தின்ற விலங்கின் வளரும் மயிரிலும் மீசையிலும் அது படிந்து, ஒளிர்வு நுண்ணோக்கியில் பட்டையாகத் தெரியும். யார் தின்றது என்பதைத்தான் அது சொல்லும். இன்ன விலங்கு என்று சொல்லாது.

வேலியோரம்:

மிக்க நன்றி. ஒரே ஒரு கேள்வி மிச்சம். பொறியில் மூஞ்சூறு விழுந்தால் அதற்கும் இதே இரண்டு திட்டுகள்தானா?

வளைவாசல்:

இல்லை. மூஞ்சூறின் மயிர் குட்டையாகவும் அடர்த்தியாகவும் மென்பட்டுப் போலவும் இருப்பதால், எட்டு இடங்களைப் பிரித்துப் படிக்கும் அளவுக்குத் திட்டு தெளிவாக அமையாது. அதைவிட முக்கியமாக, சில மணி நேரம் உணவில்லாமல் போனாலே அது இறந்துவிடக்கூடும். பொறியில் அதற்கேற்ற பூச்சி உணவும் உலர்ந்த படுக்கையும் இருக்க வேண்டும். இரவிலேயே ஒருமுறை பொறிகளைப் பார்த்துவர வேண்டும். அகப்பட்டால் வாலடியில் ஒரே ஒரு பொதுத் திட்டு மட்டும் கத்தரித்து, இனத்தைக் குறித்துக்கொண்டு உடனே விட்டுவிடுங்கள். மூஞ்சூறுகளுக்குத் தனி அடையாளம் இல்லாததால் தரவில் ஏற்படும் இழப்பை ஏற்றுக்கொள்ளலாம்.

எண்கணக்கு:

ஏட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடையாள எண்ணை மட்டும் எழுதாதீர்கள். எட்டு இடங்களுக்கும் எட்டுக் கட்டங்கள் வைத்து, பார்த்ததை அப்படியே குறியுங்கள். வால் வளையத்துக்கு ஒன்பதாவது கட்டம். எந்த விலங்கு என்பதை வீட்டுக்கு வந்து பட்டியலோடு ஒப்பிட்டுத் தீர்மானிக்கலாம். களத்திலேயே 'இது பதினேழாம் எண்' என்று எழுதிவிட்டால், அங்கே ஒற்றைத் திட்டுதான் இருந்தது என்ற செய்தி ஏட்டுக்கு வராமலே போய்விடும். இடது, வலது என்பது விலங்கின் இடது வலதா, பிடித்திருப்பவரின் இடது வலதா என்பதையும் முதல் இரவுக்கு முன்பே குழுவில் எல்லோருமாகப் பேசி முடிவு செய்யுங்கள்.

வேலியோரம்:

விலங்கின் இடது வலது என்றே ஏட்டின் தலைப்பில் எழுதிவிடுகிறேன். சரியாக இரண்டு திட்டுகள், ஆண் பெண்ணுக்குத் தனி வரிசை, எல்லாவற்றுக்கும் வால் வளையம், மூஞ்சூறுக்கு வாலடித் திட்டு மட்டும் என்று திருத்திய திட்டத்தை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புகிறேன். குழுவின் பதில் வந்ததும் இதே இழையில் பதிகிறேன்.